‘குற்றம்’ இல்லாத குற்றப் பிரேரணை

நாட்டின் தலைவரைப் பதவியிலிருந்து அகற்றும் நாடாளுமன்ற நடவடிக்கையைத் தமிழகத்தார் ‘பதவிநீக்கத் தீர்மானம்’ என்பர். இலங்கைத் தமிழர் ‘குற்றப் பிரேரணை’ என்பர். முன்னது முடிவைச் சுட்டுகிறது, பின்னது காரணத்தை. 2022இல் இலங்கை சிக்கிக்கொண்டது இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான். மக்கள் அகற்ற விரும்பிய தலைவரின் பெரும்பிழை, அரசமைப்பின் குற்றப் பட்டியலில் இடம்பெறவில்லை.

1978ஆம் ஆண்டு அரசமைப்பின் 38ஆம் உறுப்புரை, நிரந்தர உடல், உள இயலாமை, அரசமைப்பை வேண்டுமென்றே மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல் முதலியவற்றையே காரணங்களாக ஏற்கிறது. 225 உறுப்பினருள் 150 பேர் ஆதரிக்க வேண்டும். பின்னர் உச்ச நீதிமன்றம் விசாரித்துக் குற்றத்தை உறுதிசெய்ய வேண்டும். மீண்டும் 150 பேர் வாக்களிக்க வேண்டும்.

இவ்வழியின் கடினம் 1991இலேயே புலனாயிற்று. பிரேமதாசாவுக்கு எதிரான பிரேரணையைச் சபாநாயகர் எம்.எச். முகமது முதலில் ஏற்றார். பின்னர், செல்லத்தக்க கையொப்பங்கள் போதா என நிராகரித்தார். முன்னின்ற லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் கட்சியையும் ஆசனத்தையும் இழந்தனர்.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2019இன் வரிக் குறைப்பும் 2021இன் இரசாயன உரத் தடையும் நாட்டை அந்நிலைக்குத் தள்ளியவற்றுள் அடங்கும். ஆனால் தவறான கொள்கை, மேற்சொன்ன பட்டியலில் எளிதில் அடங்குவதன்று. ஆகவே மே 17 அன்று சுமந்திரன் முன்வைத்தது, சட்ட வலுவற்ற ‘அதிருப்தி’ மீதான விவாதக் கோரிக்கையே. அதுவும் 68க்கு எதிராக 119 வாக்குகளால் தோற்றது. நாடாளுமன்றம் மூடிய கதவை ஜூலை 9 அன்று தெரு திறந்தது. ஜூலை 14 அன்று சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சல் வழியே பதவிவிலகல் வந்தது. இடைப்பட்ட வாரங்களில் எரிபொருள் வரிசைகள் நீண்டன. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது. சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் உதவிக்கு 2023 மார்ச்சில்தான் ஒப்புதல் கிடைத்தது. பொறுப்புக்கூறலில் ஏற்பட்ட தாமதமே நெருக்கடியைத் தோற்றுவித்தது எனல் மிகை. அதை நீட்டித்தது எனல் மிகையன்று.

நீக்கத்தை எளிதாக்கினால் நிலையாமை வரும் என்பது நியாயமான அச்சமே. ‘நிரந்தர ஒழுக்கத் தகுதியின்மை’ என்னும் நெகிழ்ந்த காரணத்தைக் கொண்டு பெரு நாட்டு நாடாளுமன்றம் 2020இலும் 2022இலும் அதிபர்களை அகற்றியது. ஆயினும் தீர்வு, குற்றப் பட்டியலை நெகிழ்த்துவதன்று. குற்றத்தையும் தோல்வியையும் பிரித்தறிவது. 1999 ஏப்ரலில் ஒரே வாக்கில் வாஜ்பாய் அரசு வீழ்ந்தபோது எவரும் அவரைக் குற்றவாளி என நிறுவ வேண்டியிருக்கவில்லை; அவ்வாண்டே தேர்தலில் வென்று அவர் திரும்பினார்.

குற்றத்திற்கு நீதிமன்றம், தோல்விக்கு நம்பிக்கை வாக்கு. நிறைவேற்று அதிகாரம் கொண்ட தலைவருக்கு இரண்டாவது வாயில் இல்லாத அரசமைப்பில், அதன் விலையைக் கருவூலமும் வரிசையில் நிற்பவரும் செலுத்துகின்றனர்.