சிவப்பு வண்டியும் நீலக் காரும்

சின்ன வயசில் "பெரியவனானதும் என்னவாகப் போறே?" என்று யார் கேட்டாலும், "தீயணைப்பு வண்டி" என்று பதில் சொல்வேனாம். தீயணைப்பு வீரன் இல்லை, வண்டியே! சிவப்பு நிறம், பித்தளை மணி, தலையில் ஏணி, எல்லோரும் ஒதுங்கி வழிவிடும் அந்த மரியாதை. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? "ஒழுங்கா படிக்காட்டி அதுகூட ஆக மாட்டே" என்பார் அப்பா.

வண்டி ஆகவில்லை. ஆனால் அறுபது வயசுக்கு மேல் அதே வண்டியை வழிமறிக்கும் பாக்கியம் கிட்டியது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். என்னைப் பற்றி உங்களுக்கு இருக்கும் நல்லெண்ணம் கொஞ்சம் குறையலாம். பரவாயில்லை.

எங்கள் தெரு அகலமானதுதான். அதாவது, பத்திரப் பதிவில். நேரில் பார்த்தால் இரண்டு பக்கமும் கார்கள், காருக்கும் காருக்கும் நடுவே ஸ்கூட்டர்கள், ஸ்கூட்டருக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே ஒரு இஸ்திரி வண்டி. மிச்சமிருக்கும் இடத்தில் ஆட்டோவும் மாடும் சமாதானமாகப் பேசித் தீர்த்துக்கொண்டு போய்வரும்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். தெருக்கோடி வீட்டில் முதல் மாடியில் தனியாக இருக்கும் பாட்டி, அப்பளம் பொரிக்க வாணலியில் எண்ணெய் வைத்திருக்கிறார். வெளியூரிலிருந்து பேரன் போன். பேரன் போன் என்றால் எந்தப் பாட்டிக்கு அப்பளம் நினைவிருக்கும்? எண்ணெய் பற்றிக்கொண்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர் வீட்டுப் பையன், நல்ல எண்ணத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை அதில் வீசினான். அவ்வளவுதான். தீ கூரை வரை எழும்பி, ஜன்னல் திரையைப் பிடித்து, பையனின் புருவங்களையும் வாங்கிக்கொண்டது. அவன் மாடிப்படி வழியாக அலறிக்கொண்டு இறங்கிவிட்டான். பாட்டியால் இறங்க முடியவில்லை. உள்ளே படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

யாரோ 101-ஐ அழைத்தார்கள். எட்டே நிமிஷத்தில் தெருமுனையில் சிவப்பு வண்டி. நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய ஆசை; சைரன் கேட்டால் இன்றைக்கும் கால் தரையில் நிற்காது.

வண்டி திரும்பப் பார்க்கிறது. முடியவில்லை. பின்னால் போகிறது. மறுபடி திரும்புகிறது. முடியவில்லை. ஹாரன் காதைக் கிழிக்கிறது.

"எந்த மடையன் வளைவுல காரை நிறுத்தியிருக்கான்?" என்று கத்தினேன். "கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாம்? இவங்களையெல்லாம் பிடிச்சு உள்ளே போடணும்!"

என் சம்சாரம் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "நீலக் கலர்" என்றாள், அமைதியாக.

எங்கள் பேட்டையில் நீலக் கார் ஒன்றுதான். அன்று மத்தியானம் வெயிலுக்கு வேப்பமர நிழல் தேடி அதை அங்கே நிறுத்திய மடையனும் ஒருவன்தான்.

சாவியைத் தேடினேன். மேஜையில் இல்லை. அலமாரியில் இல்லை. பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. பேன்ட், ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷினில் இருந்தது. அந்த மெஷின் கதவு, துவைத்து முடிக்கும்வரை திறக்காத சாமர்த்தியசாலி.

நான் வெறுங்கையோடு கீழே ஓடியபோது அவர்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு பேர் முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். மற்றவர்கள் சுருட்டிய குழாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக உருட்டி விரித்து, இணைத்துக்கொண்டே போனார்கள். எட்டுக் குழாய். தெருப் பையன்கள் பத்துப் பேர் என் காரை "ஏலேலோ" போட்டு அப்படியே தூக்கிச் சாக்கடை ஓரம் வைத்தார்கள். வைத்த விதத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்தது.

முகமூடி போட்ட ஒருவர் பாட்டியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பாட்டி முகமெல்லாம் கரி. இருமினார். இருமல் சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என் கார் தின்ற நேரம் ஆறு நிமிஷம். இஸ்திரிக்காரர் கடிகாரம் பார்த்து வைத்திருந்தார். தினமும் பார்க்கும்போது அதைச் சொல்லவும் செய்கிறார்.

மறுநாள் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். மன்னிப்பு கேட்க. நிலைய அதிகாரி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பேச்சை மாற்ற, "சினிமாவுல வர்ற மாதிரி கம்பத்துல சறுக்கி இறங்குவீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க நிலையம் தரைத்தளம் சார்" என்றார்.

(அந்தக் கம்பம் 1878-ல் சிகாகோவில் வந்ததாம். குதிரை வண்டிக் காலம். வீரர்கள் மாடியில் தூங்குவார்கள். மாடிப்படியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இறங்கும் நேரத்தை மிச்சம் பிடிக்க. அன்றைக்கே கணக்கு நொடியில்தான்.)

பிறகு வண்டியைச் சுற்றிக் காட்டினார். ஆறு வயசுப் பையனாகி விட்டேன்.

"இதுல 4,500 லிட்டர் தண்ணி இருக்கு சார். பம்ப் நிமிஷத்துக்கு 1,800 லிட்டர் இறைக்கும். கணக்குப் போடுங்க."

போட்டேன். முழு மூச்சில் விட்டால் இரண்டரை நிமிஷம்! இவ்வளவு பெரிய வண்டியில் இருப்பது அவ்வளவுதான். அதனால்தான் பின்னாலேயே தண்ணீர் லாரி வரவேண்டும். அதற்கும் வழி வேண்டும். கிணற்றிலிருந்தும் உறிஞ்சலாம், ஆனால் ஏழு மீட்டருக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் வண்டி பம்ப்புக்கு மூச்சு வாங்கும். உறிஞ்சுவது பம்ப் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதன் சக்திக்கும் ஓர் எல்லை உண்டாம்.

துணிக் குழாய் ஒன்று 15 மீட்டர். ஒரு முனை ஆண், மறுமுனை பெண். வைத்து அழுத்தினால் 'க்ளிக்'. ஜாதகம் பார்க்கவேண்டியதில்லை. 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹெய்டன் என்ற ஓவியர்தான் தோலில் குழாய் தைத்து, ஐம்பது அடித் துண்டுகளாகப் பித்தளை இணைப்பு போட்டு ஓட்டினார். ஐம்பது அடி என்றால் அதே 15 மீட்டர். முந்நூற்றைம்பது வருஷமாகத் தீயணைப்பு உலகம் ஓர் ஓவியரின் அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"முதுகுல மாட்டியிருந்தாங்களே, ஆக்ஸிஜன்..."

"ஆக்ஸிஜன் இல்ல சார். சாதாரணக் காத்து, அழுத்தி அடைச்சது. தீக்கு நடுவுல ஆக்ஸிஜனைக் கொண்டுபோனா என்ன ஆகும்?" சிரித்தார். "அரை மணியிலேர்ந்து முக்கால் மணி வரைக்கும் தாங்கும். பதட்டத்துல மூச்சு ஜாஸ்தி வாங்கினா சீக்கிரம் தீர்ந்துடும். வீட்டுத் தீயில ஆளைக் கொல்றது பெரும்பாலும் நெருப்பு இல்ல, புகை. உங்க பாட்டி கதவைச் சாத்தினாங்க பாருங்க, அதான் அவங்க உயிரைக் காப்பாத்திச்சு. சாத்தின கதவு புகையை நிறுத்தி வைக்கும். கீழே இடுக்குல ஈரத்துணி வெச்சா இன்னும் நல்லது."

எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதையும் அங்கேதான் கற்றேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டராக உப்பும். எண்ணெய்க்கு அடியில் போய் வெடித்து, எரிகிற எண்ணெயைக் கூரைக்கு அனுப்பும். காஸை அணைத்து, ஒரு தட்டைப் போட்டு மூடினால் போதும். காற்றில்லாமல் தானே அடங்கும். புருவம் மிஞ்சும்.

ஒவ்வொரு தீக்கும் ஒரு வண்டி. பெட்ரோல், டீசலுக்கு நுரை வண்டி. உயரமான கட்டடத்துக்கு ஸ்கைலிஃப்ட். 54 மீட்டர் எட்டுவது, 104 மீட்டர் எட்டுவதெல்லாம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. "ஆனா சார், அது ஏணியைத் தூக்கறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் கால் ஊன்றணும். அதுக்குத் தரையில இடம் வேணும். வானத்துல இடம் இருந்து பிரயோஜனம் இல்ல."

நான் டீயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏர்போர்ட்டுல இன்னும் பெரிய வண்டி. ஓடிக்கிட்டே நுரை அடிக்கும். ஓடுபாதையில எந்த மூலைக்கும் மூணு நிமிஷத்துக்குள்ள போய்ச் சேரணும்னு சர்வதேச விதியே இருக்கு."

"மூணே நிமிஷமா! எப்படி முடியுது?"

"ஓடுபாதையில யாரும் காரை நிறுத்த மாட்டாங்க சார்" என்றார்.

அவ்வளவுதான் திட்டினார்.

கிளம்பும்போது சுவரில் ஒரு பழைய கப்பல் படம். ஏப்ரல் 14 என்றால் நமக்குச் சித்திரைத் திருநாள், பாயசம். அவர்களுக்கு அது நீத்தார் நினைவு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறையில் 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்ற கப்பலில் தீ. பஞ்சு மூட்டைகளோடு ஆயிரத்து நானூறு டன் வெடிமருந்து. எந்த நிமிஷமும் வெடிக்கலாம். தண்ணீர் அடித்துக்கொண்டே நின்றார்கள். வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள். எல்லோரும் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். நாம் செய்யவேண்டியதெல்லாம் வழியில் நிற்காமல் இருப்பது. அதைக்கூடச் செய்யாமல் நான் நிழல் தேடினேன்.

இப்போது என் கார் இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் மாத வாடகைக்கு நிற்கிறது. வெயிலில்தான். எங்கள் தெரு வளைவில் வெள்ளைக் கோடு போட்டு, "இங்கே வண்டி நிறுத்தாதீர்" என்று எழுதி வைத்திருக்கிறோம். பெயின்ட் செலவு என்னுடையது. எழுத்துப் பிழை இஸ்திரிக்காரருடையது.

நாலு நாள் கழித்துப் பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். குரல் இன்னும் கரகரவென்று இருந்தது. வரும் வழியெல்லாம் நான் மனப்பாடம் செய்த மன்னிப்பு, தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் உண்மையான கவலை.

"ஏம்ப்பா, உன் காரைத் தூக்கிச் சாக்கடைப் பக்கம் வெச்சுட்டாங்களாமே? அதுக்கு ஒண்ணும் ஆகலையே?"