காதோரம் ஒரு காசளவு



ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு மோட்டார் அறைக்குள் ஒண்டிக்கொண்ட பூனைக்குட்டியை மகள் தூக்கி வந்தாள். பத்து நாளில் அதன் காதோரம் காசளவு முடி கொட்டியிருந்தது. சுற்றிலும் பொடுகு மாதிரிச் செதில். எங்கோ சண்டை போட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் என் முழங்கையில் சிவப்பாய் ஒரு வட்டம். அரிப்பு உயிரை வாங்கியது.

மருந்துக் கடையில் கேட்டேன், ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது, வட்டம் மட்டும் அகன்றுகொண்டே போனது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைத் தோல் மருத்துவர்தான் காட்டினார். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும், பூஞ்சைக்கோ கொண்டாட்டம். படர்தாமரைக்கு இப்படிக் கேட்டு வாங்கிப் பூசும் பழக்கத்தை நாம் எப்போது விடப்போகிறோமோ!

ஆமாம், படர்தாமரைதான். 'ரிங்வார்ம்' என்ற பெயரில்தான் புழு இருக்கிறது, நோயில் இல்லை. பூனைகளுக்குப் பெரும்பாலும் வருவது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. கால்நடை மருத்துவர் அறையை இருட்டாக்கி, ஊட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைக் குட்டியின் காதருகே பிடித்தார். முடியின் அடிப்பகுதி பச்சை ஆப்பிள் நிறத்தில் மினுங்கியது. எல்லாக் குட்டிக்கும் இப்படி மினுங்காதாம்; அப்போது முடியைப் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

குட்டிக்கு எடைக்கேற்ற அளவில் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டு. கூடவே வாரம் இருமுறை மருந்துக் குளியல். பூனையைக் குளிப்பாட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பெரிய பாடு வீட்டோடுதான். உதிர்ந்த முடியில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் சாகாமல் கிடக்கும். துடைப்பம் போட்டால் அத்தனையும் காற்றில் கிளம்பும். அதனால் தினமும் ஈரத்துணியால் முடியை ஒற்றியெடுத்து, சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம். குட்டியின் துணிகளைத் தனியே துவைக்கிறோம். பினாயிலுக்கு மட்டும் வீட்டில் தடை: பீனாலை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு, அதுவோ நடந்த காலை நக்கும்.

குட்டி ஒரு தனி அறையில் இருக்கிறது. விளையாட ஆள் இல்லாமல் வளர்ந்தால் மனிதரைக் கண்டு மிரளும் என்பதால், மகள் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் உள்ளே போய் வருகிறாள். வெளியே வந்ததும் கை கழுவல், உடை மாற்றல். அடுத்த சோதனை வியாழக்கிழமை. நோய் தீரும்வரை பெயர் வைக்க வேண்டாம் என்றிருந்தேன். அவள் எப்போதோ வைத்துவிட்டாள். தாமரை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்