பருவம் முடிந்ததும் போடும் கணக்கு

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில், விவசாயியின் முகத்தைப் பார்த்தாலே அந்த வருஷத்துக் கணக்கு தெரிந்துவிடும். விதை, உரம், மருந்து, ஆள்கூலி, வண்டி வாடகை எல்லாம் போகக் கையில் என்ன நிற்கிறது? எதுவுமே நிற்காத வருஷமும் உண்டு. ஆனாலும் அடுத்த மழைக்குக் காட்டை உழாமல் விடுவதில்லை.

விளையாட்டிலும் இப்படி ஒரு கணக்கு நாள் இருக்கிறது. பருவத்தின் கடைசிப் போட்டி முடிந்த மறுநாள்தான் அது. சம்பளமும் விளம்பரப் பணமும் வாங்கும் வீரருக்கு அது ஓய்வு நாள். கைக்காசைப் போட்டு, கடன் வாங்கி, நாலு பேரிடம் கேட்டு விளையாடுகிறவருக்கோ அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி வரும்: 'இன்னொரு வருஷம் ஓட வேண்டுமா?'

இந்தக் கேள்வியோடு இருபது வருஷம் ஓட்டியவர் ஷிவ கேசவன். இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். அப்பா கேரளக்காரர், அம்மா இத்தாலியர். இவருடைய விளையாட்டின் பெயர் லூஜ்.

லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்கைப் பலகையில் மாட்டி, சரிவில் உருட்டிவிடும் பேரிங் வண்டி ஞாபகம் இருக்கிறதா? லூஜும் கிட்டத்தட்ட அதுதான். சக்கரத்துக்குப் பதில் எஃகுப் பட்டை, தார் ரோட்டுக்குப் பதில் பனிக்கட்டிப் பாதை. மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பிரேக் கிடையாது. கெண்டைக்காலால் அழுத்தித்தான் திருப்ப வேண்டும். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொடும். வெற்றி தோல்வியை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து சொல்வார்கள்.

இந்தியாவில் அப்படி ஒரு பனிப்பாதை கிடையாது. அதனால் ஷிவ கேசவன் தன் வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டு, இமயமலை நெடுஞ்சாலையிலேயே பயிற்சி எடுத்தார். எதிரே லாரி வரும், குறுக்கே ஆட்டு மந்தை வரும். எல்லாவற்றுக்கும் நடுவில் தரையோடு தரையாகப் படுத்தபடி அவர் வளைந்து போகும் வீடியோவை உலகமே பார்த்து வியந்தது.

1998-ல் ஜப்பானின் நகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர் இவர்தான். அப்போது வயது 16. அங்கே 28-வது இடம். அடுத்தடுத்த ஒலிம்பிக்குகளில் 33, 25, 29, 37 என்று வந்தார். ஒரு பதக்கமும் இல்லை. ஆனால் 2011, 2012, 2016, 2017 என நான்கு முறை ஆசிய சாம்பியன் ஆனார்.

2014-ல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்ததுதான் மனசை அறுக்கும். இந்திய ஒலிம்பிக் சங்கம் தடையில் இருந்த நேரம் அது. அதனால் அவர் தேசியக் கொடி இல்லாமலேயே போட்டியில் இறங்க வேண்டியிருந்தது. அவருடைய போட்டி முடிந்து இரண்டே நாளில், பிப்ரவரி 11 அன்று, தடை நீங்கியது. அதே சோச்சியில் பயிற்சியின்போது வளைவில் வண்டியை விட்டுக் கீழே விழுந்தார். ஆனால் பிடியை விடவில்லை. சறுக்கிக்கொண்டே வண்டியை இழுத்து, மறுபடி ஏறிப் படுத்து, கடைசி வரை போய்ச் சேர்ந்தார். அவர் விளையாட்டு வாழ்க்கை மொத்தமும் அந்தச் சில நொடிகளுக்குள் அடங்கிவிடும்.

2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியாங்சாங். அவருக்கு அது ஆறாவது ஒலிம்பிக், வயது 36. மூன்று சுற்று முடிவில் 34-வது இடம். நான்காவது சுற்றுக்கு முதல் 20 பேர்தான் போக முடியும். அத்தோடு ஒலிம்பிக் பயணத்தை முடித்துக்கொண்டார்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு ஒலிம்பிக், பதக்கம் பூஜ்யம். ஏலக்கடை எடைக்கல்லில் வைத்தால் நஷ்டம்தான். ஆனால் பனிப்பாதையே இல்லாத நாட்டின் பெயர் இருபது வருஷம் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதை எந்தக் கல்லில் நிறுப்பது? 2020-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போனவர் ஒருவர்தான். அவரும் பனிச்சறுக்கு வீரர். லூஜில் ஷிவ கேசவன் விட்ட இடம் அங்கே காலியாகவே இருந்தது. அந்த ஒரு மனிதர் தாங்கி நின்ற பாரம் அப்போதுதான் புரிந்தது.

பரீட்சை முடிந்து, மாவட்டப் போட்டிகளும் முடிந்து, ஷூவைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கபடியோ, ஓட்டப்பந்தயமோ, ஏதோ ஒன்றில் எட்டாவது இடமோ பத்தாவது இடமோ வந்திருப்பார்கள். வீட்டில் முதல் கேள்வியே, "இதனால என்ன பிரயோஜனம்? போய்ப் படி" என்பதுதான்.

படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் வேறு ஒன்றைக் கேட்கலாம். "போன வருஷம் முடியாதது எது இந்த வருஷம் முடிஞ்சுது, கண்ணு?" பிள்ளை கொஞ்சம் யோசிக்கும். மூச்சு வாங்காமல் ஓடியதைச் சொல்லும். விழுந்த இடத்திலேயே எழுந்து நின்றதைச் சொல்லும். தோற்ற பிறகும் எதிர் அணிக்காரனுக்குக் கை கொடுத்ததைச் சொல்லும்.

அவ்வளவும் வரவில்தான் எழுத வேண்டும். அதை எழுதிவிட்டால், இன்னொரு வருஷம் ஓடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளும்.