பொண்ணு என்ன ஆளுங்க?

சினிமாவில் வீட்டை எதிர்த்துக் காதலிப்பவர்கள் நேராக ஓடிவருகிற ஊர் ஊட்டி. ரோஜாத் தோட்டத்தில் ஒரு பாட்டு, பைக்காராவில் ஒரு பாட்டு. ரைட். ஊட்டிக்காரன் காதலித்தால் எங்கே சார் ஓடுவான்? கீழேதான்! மேட்டுப்பாளையம், கோயமுத்தூர். அந்த வெயிலில் டூயட் வராது, வேர்வைதான் வரும்.

போன வாரம் குன்னூரில் கோவை பஸ் ஏறினேன். கையில் பெருமாள்முருகனின் 'பூக்குழி'. "சூப்பர் லவ் ஸ்டோரி" என்று சொல்லி ஒரு நண்பர் தலையில் கட்டியது. 2013-ல் வந்த நாவல். 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல் வரை போனது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் தமிழ் நாவல் இதுதான்.

சோடாக்கடையில் வேலை பார்க்கும் குமரேசன், தோலூர் சரோஜாவைக் கல்யாணம் செய்துகொண்டு தன் ஊருக்குக் கூட்டி வருகிறான். பொட்டல் பாறை மேல் வீடு. டூயட்டா? மூச்! மாமியார் மாராயி ஒப்பாரியே வைத்துவிடுகிறாள். ஊரில் எதிர்ப்படும் அத்தனை பேருக்கும் ஒரே கேள்வி: பெண் என்ன சாதி? நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படிக்கிறேன், உடம்பெல்லாம் புழுக்கம்.

நாவலை தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். சாதி மாறிக் கல்யாணம் செய்து, 2013 ஜூலையில் ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்த அந்தப் பையன்தான். முடிவு என்ன என்கிறீர்களா? சொல்ல மாட்டேன். வாங்கிப் படியுங்கள்.

விஷயம் அதுவல்ல. புத்தகம் முழுக்க சரோஜாவின் சாதியை ஆசிரியர் சொல்வதே இல்லை. அடியேன் பி.காம். கணக்கு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராத ஜாதி (பார்த்தீர்களா, இங்கேயும் வந்துவிட்டது!). பேச்சை வைத்து, நிறத்தை வைத்து, அப்பா செய்கிற தொழிலை வைத்து, ஐம்பதாவது பக்கத்துக்குள் மனசுக்குள் ஒரு விடை எழுதிவிட்டேன். எழுதின பிறகுதான் சுருக்கென்றது. மாராயி ஊர்க்காரர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் வாய்விட்டுக் கேட்டார்கள். நான் சத்தமில்லாமல் கேட்டேன்.

பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. எஸ்டேட் ஆபீஸில் நான் கணக்கெழுதிய காலம். பக்கத்து சீட் நண்பன் ஒருநாள் சிம்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப்போய், கை நடுங்க, "ஒரு பொண்ணை லவ் பண்றேன்டா" என்றான். பேர் என்ன, எப்படி இருப்பாள் என்று கேட்டேனா? இல்லை. "என்ன ஆளுங்கடா?" என்றேன். அவன் வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோவையில் ரிஜிஸ்டர் கல்யாணம் நடந்ததை ஆறு மாசம் கழித்து யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தானாம். நான் இருந்தேனே... என்னைக் கூப்பிடவில்லை.

பர்லியாரில் டீக்கு பஸ் நின்றது. பக்கத்து சீட் பெரியவர் அட்டையைப் பார்த்தார்.

"என்ன புக்குங்க தம்பி?"

"லவ் ஸ்டோரிங்க ஐயா. வேற வேற சாதி."

"அப்படீங்களா? புள்ள என்ன ஆளுங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஐம்பதாம் பக்கத்து விடை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"டீ சாப்பிடறீங்களா ஐயா?" என்று எழுந்துவிட்டேன்.