கயிறு பிடிக்க ஆள் இல்லாத தீவு

ஸ்காட்லாந்து என்றதும் எடின்பரோ கோட்டையும் நெஸ் ஏரியும்தான் நம்மில் பலரின் பயணப் பட்டியலில் இருக்கும். கூடுதலாக மூன்று நான்கு நாள் விடுப்பு கிடைத்தால், மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் செயின்ட் கில்டாவுக்கும் போய் வாருங்கள் என்பேன்.

போவது சுலபமல்ல. ஸ்கை தீவிலிருந்து ஃபெர்ரியில் ஹாரிஸ் தீவுக்குச் சென்று இரவு தங்கினோம். மறுநாள் காலை சிறிய படகில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். அலை தூக்கிப் போட்டதில் படகில் பேச்சே இல்லை. தூரத்தில் ஹிர்டா தீவு தெரிந்த பிறகுதான் எல்லாருக்கும் உயிர் வந்தது.

கரையில் ஒரே ஒரு தெரு. கூரையிழந்த கல்வீடுகள். அவற்றைச் சுற்றிலும் மலைச்சரிவு முழுவதும் 'கிளீட்' எனப்படும் சிறு கல் அறைகள். மேலே புல் கூரை. கல் இடுக்குகளில் காற்று புகுந்து ஓடுவதால் உள்ளே வைத்த இறைச்சி கெடாமல் காயும். தீவுக்கூட்டத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் உண்டு.

இங்கிருந்தவர்கள் கடலருகில் வாழ்ந்தாலும் பறவைகளை நம்பியே பிழைத்தார்கள். ஆண்கள் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்கிப் பிடித்து வருவார்கள். இறைச்சி உணவுக்கு; இறகும் எண்ணெயும் நில உரிமையாளருக்குக் குத்தகைக்கு. தினமும் காலையில் ஆண்கள் தெருவில் கூடி அன்றைய வேலையைப் பேசி முடிவு செய்வார்கள். தலைவர் என்று யாரும் கிடையாது.

பிறகு இளையவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நோய் வந்தால் மருத்துவமனை இல்லை. 1930இல் மிஞ்சியது 36 பேர். யாரும் அவர்களை விரட்டவில்லை. தங்களை அழைத்துச் செல்லும்படி அவர்களே அரசாங்கத்துக்கு எழுதினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி கப்பல் வந்தது. வீடுகளில் பைபிளையும் கொஞ்சம் ஓட்ஸையும் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். மரமே இல்லாத தீவில் வளர்ந்த ஆண்கள் பலருக்குக் கிடைத்தது வனத்துறை வேலை!

ஊரைக் காலி செய்ய ஒரு புயலோ போரோ தேவையில்லை, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கக் கைகள் குறைந்தாலே போதும் என்று அந்தத் தெருவில் நடந்தபோது தோன்றியது.

இப்போது அங்கே பறவைகளின் ராஜ்ஜியம். திரும்பும் வழியில் படகு போரரே தீவை ஒட்டிச் சென்றது. பாறை முழுவதும் வெள்ளை. நெருங்கிய பிறகுதான் அத்தனையும் கேனட் பறவைகள் என்று தெரிந்தது. வண்ண அலகுள்ள பஃபின்களைப் பார்க்க ஜூலைக்குள் போய்விடுங்கள்.

சில குறிப்புகள்: கடல் கொந்தளித்தால் படகு புறப்படாது, ஹாரிஸில் இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். தீவில் உணவுக் கடையோ தங்கும் விடுதியோ இல்லை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். கடல் பயண மயக்கத்துக்கான மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.