குளிருக்கு ஒரு நீதி, வெயிலுக்கு ஒரு நீதியா?

முதியோர் வீட்டில் கணப்பு மூட்டுவதற்குச் சர்க்கார் பணங்கொடுப்பதுண்டு என்று நம்மவரிடம் சொன்னால், "குளிரே இல்லாத நாட்டில் அந்தப் பேச்சு எதற்கு?" என்று நகைப்பர். அந்நகைப்புக்கு விடை கூறவே இதனை எழுதுகின்றோம்.

பிரிட்டனில் 1997-ஆம் ஆண்டுக் குளிர்காலந்தொட்டு முதியோர்க்கு எரிபொருட் செலவுக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கப்படுகின்றது. 2024-இல் அதனை மிக வறியோர்க்கு மட்டுமென்று சுருக்கினர்; சுமார் ஒரு கோடி முதியோர் அதனை இழந்தனர். அந்நாட்டார் வாளா இருந்தனரா? இல்லை. எழுந்த கண்டனத்தால் 2025 ஜூனிலேயே சர்க்கார் பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேற்படாத முதியோர்க்குத் திரும்பக் கொடுக்க இசைந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அத்தொகை ஆளுக்கும் வயதுக்கும் உரியதேயன்றி மீட்டருக்கு உரியதன்று. கட்டணச் சீட்டு எவர் பெயரில் வருகின்றது என்ற கேள்வியே அங்கில்லை.

நம் நாட்டில் முதியோரை வருத்துவது குளிரன்று, வெப்பம். முதுமையில் வியர்வை குன்றும், தாகவுணர்ச்சி மங்கும், இரத்தக் கொதிப்புக்கு உண்ணும் மருந்துகளிற் சில உடம்பின் நீரை வெளியேற்றும். 2003-ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்சு தேசத்தில் வெப்பத்தால் மாண்டவர் ஏறக்குறைய 15,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் முதியோர். செல்வமுள்ள தேசத்திலேயே வெயில் இவ்வளவு செய்யுமாயின், வெயில் ஓயாத தேசத்தில் அதனை அற்பமென்று தள்ளலாமா?

பினாங்கின் சூலியா தெருவைப் பாருங்கள். நாகூர் தர்கா நிற்கும் அத்தெருவிலும் அதன் சந்துகளிலும் நம்மவர் தலைமுறை தலைமுறையாய்க் கடைவீடுகளில் வாழ்ந்தனர். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தமட்டும் ஏழைக்கும் அங்கே இடமிருந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அக்காப்பு நீங்கிற்று, வாடகை ஏறிற்று, குடும்பங்கள் பல வெளியேறின. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறிய பின்னர்ப் பழைய கடைவீடுகள் பல விடுதிகளாயின. உல்லாசப் பயணியின் அறையைக் குளிரூட்டி குளிர்விக்கின்றது. பலகைத் தடுப்புக்குள் ஒண்டியிருக்கும் முதியவருக்கோ ஒரு காற்றாடியே கதி.

அதற்கென்ன செலவு? 70 வாட்டுக் காற்றாடி இரவும் பகலும் சுழன்றால் மாதத்துக்குச் சுமார் 50 யூனிட். 2025 ஜூலைக்கு முன்னிருந்த 21.8 சென் என்ற முதற்படி விலையில் அது 11 வெள்ளி. ஓர் உயிரைக் காக்க 11 வெள்ளி!

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறோம். 2008 அக்டோபரில், 20 வெள்ளிக்கு மேற்படாத மின்கட்டணத்தைச் சர்க்காரே ஏற்றது. பின்னர், பதிவேட்டில் ஏறிய பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை தள்ளுபடி வந்தது. 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வறிய முதியோர்க்கான மாத உதவி 500 வெள்ளியிலிருந்து 600 ஆக உயர்ந்தது. இவை நல்லவையே. ஆனால் மின்கட்டணச் சலுகை மீட்டரைத் தேடிச் செல்கின்றது. அறை வாடகையோடு மின்சாரத்துக்கும் சேர்த்துக் கொடுப்பவருக்கு மீட்டர் ஏது? கடைவீட்டு மீட்டர் வேறொருவர் பெயரில் இருக்க, சலுகை வாசலோடு நின்றுவிடாதா?

தோட்டத்து முதியோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. லயத்து வீடு அவருடையதன்று. இந்நாட்டிலேயே உழைத்துத் தேய்ந்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றுவிட்டவர்க்குக் குடிமக்களுக்குரிய முதியோர் உதவியும் கிட்டாது. இரப்பர் மரத்துக்கு அவர் அந்நியரல்லர்; உதவிப் பணத்துக்கு மட்டும் அந்நியரோ?

"பெற்றோரைக் காப்பது பிள்ளைகள் கடன்" என்பர் சிலர். மெய்தான். பிள்ளையில்லாதவர் என் செய்வார்? பிள்ளையும் கூலிக்காரனாயிருந்தால் என் செய்வார்? சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஓய்வூதியம் கொடுக்கும்போது எவரும் இக்கேள்வியை எழுப்புவதில்லை. கூலி வேலை செய்தவனின் முதுமைக்கு மட்டும் பிள்ளையின் கடமையை நினைவூட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே நாம் கேட்பது இது: வறிய முதியோர்க்கு வெப்பக் காப்புக்கென ஒரு தொகை, மீட்டர் எவருடையதாயினும், அவரவர் கையில் சேர வேண்டும், நெடுங்காலம் இங்கு உழைத்த சிவப்புக் கார்டுக்காரரும் அதிற் சேர வேண்டும்.

தோழர்களே! அதுவரை நாம் கைகட்டி நிற்கலாமா? நம் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்குப் பந்தல் போடுமுன், தம் தெருவிலும் தோட்டத்திலும் தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கட்டும். எழுதப்படிக்கத் தெரிந்த இளைஞர் அவர்களை அழைத்துச் சென்று மனுக்களை நிரப்பிக் கொடுக்கட்டும். மறுக்கப்பட்ட மனுக்களைத் திரட்டிச் சட்டமன்ற உறுப்பினர் முன் வைக்கட்டும். உதவி கேட்பது பிச்சையன்று. உழைத்தவர் தம் பங்கைக் கேட்பதேயாகும்.