கம்யூனிட்டி காலேஜ்: எந்தக் கம்யூனிட்டிக்கு?

தமிழ்நாட்டில் 'கம்யூனிட்டி' என்றால் சாதி என்றுதான் பொருள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே "கம்யூனிட்டி சர்டிபிகேட் எடுத்தாச்சா?" என்று கேட்கும் ஊர் இது. அதனால் கோவை மாவட்டத்தில் பிளஸ் டூ தவறிய அருந்ததியர் பிள்ளைகளிடம் கம்யூனிட்டி காலேஜ் பற்றிச் சொன்னால், "நம்ம ஆளுங்களுக்குன்னு தனியா கட்டியிருக்காங்களாங்ணா?" என்று கேட்கிறார்கள். கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாத கேள்வி அது. சமுதாயக் கல்லூரி என்று அரசு தமிழில் பெயர் வைத்திருக்கும் இந்த ஏற்பாடு யாருக்காக உருவானது, யாரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று நாம் கேட்டே ஆகவேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமுதாயக் கல்லூரி நமக்குத் தேவை. ஆனால் அது அரசுப் பணத்தில் நடக்கும் பொதுக் கல்லூரியாக இருக்க வேண்டும். அங்கே படித்தவர் அடுத்த படிப்புக்கு ஏறிப்போக வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது புதுப் பெயர் வைத்த குலக்கல்வி.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901இல் தொடங்கிய ஜூனியர் கல்லூரிதான் இன்றுவரை நடக்கும் மிகப் பழைய பொதுச் சமுதாயக் கல்லூரி என்பார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடத்தைச் சொந்த ஊரிலேயே படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகம் போகலாம் என்பதே அதன் அடிப்படை. 1947இல் ட்ரூமன் ஆணையம் இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் திறக்கச் சொன்னது.

இந்தியாவுக்கு இது 1995இல் வந்தது. முதலில் தொடங்கியது புதுவைப் பல்கலைக்கழகம். அடுத்த ஆண்டு சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இந்த முறையைப் பல மாநிலங்களுக்கும் எடுத்துப்போனார். தேர்வில் தோற்றவர்கள், படிப்பை நிறுத்தியவர்கள், வீட்டோடு முடங்கிய பெண்கள் என்று வேறு எந்தக் கல்லூரியும் வாசலில் நிற்கவிடாதவர்களை அவர்கள் உள்ளே அழைத்தார்கள். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி எல்லாம் சேர்த்து ஓராண்டுப் பட்டயம். கணினி, தையல், நர்சிங் உதவியாளர், ஏசி மெக்கானிக், வீட்டு வயரிங் போன்ற பாடங்கள். பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவற்றுக்கு அங்கீகாரம் கொடுத்தது.

அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அரசு செய்ய வேண்டிய வேலையைத் தொண்டு நிறுவனங்கள் செய்தன, அரசு முத்திரை மட்டும் குத்தியது. 2009இல் இக்னோ ஒரு திட்டம் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே நிறுத்திவைத்தது. பிறகு 12ஆம் ஐந்தாண்டுத் திட்டத்தில் பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு திட்டம் கொண்டுவந்தது. திட்டம் மாறும்போதெல்லாம் நடுவில் சிக்கிக்கொள்பவர் கையில் சான்றிதழோடு நிற்கும் மாணவர்தான். நிரந்தர ஆசிரியர், நிரந்தரக் கட்டடம், நிரந்தர நிதி மூன்றும் இல்லாத கல்லூரியைக் கல்லூரி என்று எப்படிச் சொல்வது?

மாணவர்கள் காப்பாற்றிய கல்லூரி

நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். 1969இல் அந்நகரின் சிட்டி காலேஜில் கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்கள் வளாகத்தைக் கைப்பற்றிப் போராடினார்கள். கட்டணமே இல்லாத அரசுக் கல்லூரி அது. ஆனால் மதிப்பெண் என்ற வடிகட்டி பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகளையே உள்ளே விட்டது. போராட்டத்தின் விளைவாக, 1970 முதல் நகரப் பள்ளிகளில் படித்து முடித்த எல்லோருக்கும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்று அறிவித்தார்கள்.

அதே காலத்தில் பிராங்ஸ் பகுதியின் தெற்கே, மிகவும் வறுமைப்பட்ட மக்கள் நடுவே, ஹோஸ்டோஸ் சமுதாயக் கல்லூரி பிறந்தது. ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடத்தினார்கள். ஆங்கிலம் வராதது தகுதியின்மை அல்ல என்று ஒரு கல்லூரியே எழுந்து நின்று சொன்னது. 1976இல் நகரத்தின் நிதி நெருக்கடியைக் காட்டி அதை மூட, வேறு கல்லூரியோடு இணைக்க முயன்றார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர் மக்களும் கட்டடத்துக்குள் புகுந்து வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கல்லூரி தப்பியது, இன்றும் நடக்கிறது.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஏறத்தாழ 130 ஆண்டுகள் கட்டணமில்லாமல் நடந்த அந்நகரக் கல்லூரிகளில், கறுப்பின மாணவர்கள் பெருவாரியாக உள்ளே வந்து ஆறே ஆண்டுகளில், அதே 1976இல், கட்டணம் விதித்தார்கள். நாம் உள்ளே நுழையும் நேரத்தில்தான் கஜானா காலியாகும். இது நியூயார்க்கில் மட்டும் நடப்பதல்ல என்று உங்களுக்குத் தெரியும்.

ஆசையை ஆறவைக்கும் வேலை

சமூகவியல் படிக்கும் தோழர்கள் பர்ட்டன் கிளார்க் 1960இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். கலிபோர்னியாவில் ஒரு ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்துவிட்டு அவர் சொன்னது இது: எல்லோருக்கும் வாய்ப்பு என்று சமூகம் சொல்கிறது, ஆனால் எல்லோருக்கும் இடம் வைப்பதில்லை. பெரிய படிப்பை ஆசைப்பட்டு வரும் மாணவரை நேராக மறுத்தால் கோபப்படுவார். ஆகவே தேர்வு, ஆலோசனை, "உனக்கு இதுதான் சரிவரும்" என்ற இதமான பேச்சு எல்லாவற்றையும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவரைச் சிறிய படிப்புக்குத் திருப்பிவிடுகிறார்கள். கடைசியில் தோல்வி தன்னுடையது என்று அவரே நம்பிவிடுகிறார். சூடான ஆசையை ஆறவைப்பது என்று கிளார்க் இதற்குப் பெயர் வைத்தார்.

அமெரிக்காவில் வகுப்பும் நிறமும் செய்யும் இந்த வேலையை இங்கே சாதி செய்கிறது. "டிகிரி படிச்சு என்ன பண்ணப்போறே, ஆறு மாசக் கோர்ஸ் முடிச்சா உடனே வேலை" என்ற அறிவுரை ஊருக்குள் இருக்கும் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் போவதில்லை. வளவுக்கு மட்டும் நேராக வந்து சேர்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டில் வெளியேறினால் பட்டயம் என்கிறது. வெளியேறும் கதவு எல்லோருக்கும் பொதுதான். ஆனால் வீட்டில் கடன் நெருக்கும்போது அந்தக் கதவு வழியாக முதலில் போகப்போவது யார்?

கொங்கு மண்ணில் குறுகிய படிப்பு

கோவையில் இந்த விவாதம் பழையது. ஜி.டி. நாயுடுவின் முயற்சியாலும் கொடையாலும் 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்தது. அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பீளமேட்டில் பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் 'ஹோப் காலேஜ்' என்ற பெயர் தங்கிவிட்டது. நான்காண்டுப் பொறியியல் படிப்பு நேர விரயம், இரண்டாண்டு போதும் என்று வாதாடிய நாயுடு, அரசு ஏற்காததால் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் சுருக்கச் சொன்னது எல்லோரும் படிக்கும் பொறியியலை. இன்று நான்காண்டுப் படிப்பு அப்படியே இருக்கிறது. நமக்கு வரும் படிப்பு மட்டும் ஆறு மாதமாகச் சுருங்கியிருக்கிறது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கட்டும். பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது அது. பெரியார் எதிர்த்தார், 1954இல் காமராசர் முதல்வரானதும் திரும்பப் பெற்றார். அன்று தந்தையின் தொழில். இன்று மில், பனியன் கம்பெனி, ஆஸ்பத்திரி வார்டு. இடம் மாறியிருக்கிறது, படிநிலை மாறியிருக்கிறதா?

சுமங்கலித் திட்டத்தை நாம் மறக்கவில்லை. மூன்றாண்டு விடுதியில் தங்கி நூற்பாலையில் வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லிப் பெண்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களில் கணிசமானோர் தலித் பெண்கள். இன்று சில ஆலைகள் விடுதியிலேயே தொலைதூரப் படிப்பும் நடத்துகின்றன. அப்படிப் படித்துப் பட்டம் வாங்கிய தங்கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசியோடு வந்து உட்காரும் வகுப்பைக் கல்வி உரிமை என்று சொல்ல மாட்டேன். முதலாளியே முதல்வராக இருக்கும் கல்லூரியில் சங்கம் வைக்க முடியுமா? 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் தொழிலாளர் அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது என்கிறது. 'பயிற்சி' என்ற ஒரு சொல் எவ்வளவு கூலியை மிச்சப்படுத்தும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் பாருங்கள். 2019 நவம்பரில் கோவை மாநகராட்சியின் 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்குச் சுமார் 7,000 பேர் வந்தார்கள். அவர்களில் பொறியியல் படித்தவர்களும் பட்டதாரிகளும் பட்டயம் முடித்தவர்களும் இருந்தார்கள். பல ஆண்டுகளாக ஒப்பந்தக் கூலிக்குக் குப்பை அள்ளிக்கொண்டிருந்தவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். "திறன் இல்லாததால்தான் வேலை இல்லை" என்று மேடையில் பேசுபவர்கள் அந்த வரிசைக்குப் பதில் சொல்லட்டும். இல்லாதது நிரந்தர வேலை. அதைத் திறன் சான்றிதழால் உருவாக்க முடியாது.

ஏணி எங்கே ஒடிகிறது?

பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. போனவர், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ.யில் இரண்டாம் ஆண்டு சேரலாம். அரசு நிறுவனங்களில் இந்த ஏணி இருக்கிறது. நம் பிள்ளைகள் ஏறியும் இருக்கிறார்கள். சமுதாயக் கல்லூரிப் பட்டயத்துக்கும் இதே போல் ஏணி வேண்டும்.

அடுத்து, அரசு வேலை. தமிழ்நாட்டில் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் பட்டம் செல்லும். இடையில் பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் டி.என்.பி.எஸ்.சி. வாசலில் நின்றுவிடும். படிப்பை நிறுத்தியவரைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு கல்லூரி, தையலோடு சேர்த்து அவரைப் பிளஸ் டூ தனித்தேர்வும் எழுதவைக்க வேண்டாமா? பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு 2009இல் கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த இடங்களில் போய் உட்காரப் பட்டம் வேண்டும். ஆறு மாதச் சான்றிதழ் உட்காரவைக்காது.

கேளுங்கள், கேட்க வையுங்கள்

வரும் சேர்க்கைக் காலத்தில் உங்கள் தெருவில் யாராவது இத்தகைய படிப்பில் சேரப்போனால், பணம் கட்டும் முன் கூடவே போய் இவற்றைக் கேளுங்கள்:

1. சான்றிதழ் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம்? இந்த ஆண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.
2. இதை முடித்தால் எந்தப் பட்டப்படிப்பில், எந்த ஆண்டில் சேரலாம்?
3. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்குமா? புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் வருமா?
4. பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம்? உதவித்தொகை எவ்வளவு? விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது?

அரசிடம் நாம் கேட்க வேண்டியது இதைவிடப் பெரியது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது கோவை அரசு கலைக் கல்லூரியில்தான். அது போன்ற அரசுக் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரியை நடத்துங்கள். ஆறு மாதப் படிப்பு படிப்பவரும் எம்.ஏ. படிப்பவரும் ஒரே நூலகத்தில் உட்காரட்டும், ஒரே கேண்டீனில் டீ குடிக்கட்டும். வேலைக்குப் போகும் மாணவர்களுக்காக அம்பேத்கர் 1946இல் மும்பையில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில் காலை வகுப்புகள் நடந்தன. மில் ஷிப்டும் மாநகராட்சிப் பணியும் இருக்கும் கோவையில் காலை வகுப்பும் மாலை வகுப்பும் ஏன் கூடாது?

ஒரே வளாகம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடுமலை சங்கரும் கௌசல்யாவும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். சங்கரை 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் பஸ் நிலையம் அருகே வெட்டிக் கொன்றார்கள். சாதி பயப்படுவது சான்றிதழைப் பார்த்து அல்ல. நம் பிள்ளையும் அவர்கள் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவதைப் பார்த்துத்தான். நம்மை மில் விடுதியிலும் தனிக் கட்டடத்திலும் வைத்துப் பாடம் நடத்தும் எந்தத் திட்டமும் அந்தப் பயத்துக்கு உதவி செய்கிறது.

சமுதாயம் என்ற சொல்லுக்குள் எல்லோரும் இருக்க வேண்டும். அந்தப் பெயரில் ஒரு கல்லூரி வரும்போது, ஊருக்கு ஒன்று, வளவுக்கு ஒன்று என்று அது பிரியாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. ஹோஸ்டோஸ் மாணவர்கள் தங்கள் கல்லூரிக்குள் போய் உட்கார்ந்தார்கள். நாம் முதலில் அந்த நான்கு கேள்விகளோடு சேர்க்கை வரிசையில் போய் நிற்போம்.

ஜெய் பீம்.